கிணற்றில் மிதந்த எண்ணெயும் என் மூன்று வரி அறிக்கையும்

என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோவில்பட்டி அலுவலகத்தில் என் பேச்சை எடுத்தாலே, "அந்தம்மாவா? யாரு சொன்னாலும் கேக்காதே" என்று சிரிப்பார்கள். உண்மைதான். நிலத்தடி நீரைத் தேடும் நிலவியலாளர் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். அதில் பாதி நாள் கரிசல் காட்டில் நடந்தேன், மீதி நாள் மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கருவியை எங்கே நடுவது, கம்பியை எவ்வளவு தூரம் இழுப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மறந்துபோனால் கைபேசியில் பார்த்துக்கொள்வீர்கள். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அதை மறைக்கச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொன்ன கதையையும் எழுதுகிறேன். எழுதச் சொன்னவர்கள் எதிர்பார்த்தது இது இல்லை என்று தெரியும். இருக்கட்டும்.

ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது, ஒரு மாசி மாதத்துக் காலையில் ராமலட்சுமி என்கிற அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். பசுவந்தனைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், போதுமான அளவுக்கு அது அடிபட்டுவிட்டது. ராமலட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். மானாவாரியில் மிளகாயும் சோளமும் போடுகிற குடும்பம். கணவர் இறந்து சில வருடமாகியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் பாதிக்குத் தண்ணீர்.

"மேடம், எங்க கெணத்துத் தண்ணில எண்ண மெதக்குது. நாத்தமும் அடிக்குது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்தக் கிணற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரிசலில் தோண்டினால் கிடைப்பது பெரும்பாலும் உவர்த் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் ஊறும் கிணறு அபூர்வம். அப்படி ஒன்று ராமலட்சுமியின் காட்டில் இருந்தது. அவர் கணவர் உயிரோடு இருந்தபோதே, ஊர் குடிப்பதற்கு என்று அதைப் பஞ்சாயத்துக்கு விட்டுக்கொடுத்தார். மோட்டார் வைத்து, ஊர் நடுவில் இருக்கிற தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். ஊரே குடித்தது அந்த ஒரு கிணற்றைத்தான்.

நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய் வாடை பளிச்சென்று அடித்தது.

"இந்தப் பாட்டில்ல முன்னால என்ன இருந்துது?"

"மண்ணெண்ணதான். ரேசன்ல வாங்கி வச்சிருந்தது. சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டுத்தான் தண்ணி மோந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். ராமலட்சுமி சிரிக்கவில்லை.

தண்ணீரின் மேலே மெல்லிய படலம் ஒன்று பல நிறத்தில் மினுங்கியது. இரும்புச் சத்துள்ள தண்ணீரில் ஒரு வகை நுண்ணுயிர் வளரும். அதுவும் இப்படித்தான் படலம் கட்டும், பார்த்தால் எண்ணெய் மாதிரியே இருக்கும். ஊர் ஊராக அதைப் பார்த்துச் சலித்த கண் எனக்கு. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததோடு நிற்காமல், அந்த அம்மாளை உட்கார வைத்துப் பாடம் வேறு நடத்தினேன்.

எண்ணெய் உண்டாவது கடலில் என்றேன். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் கோடிக்கணக்கில் கடலில் வாழ்ந்து, செத்து, அடிக்கு இறங்கும். அடிச்சேற்றில் காற்று இல்லாத இடத்தில் படிந்தால் அவை முழுதாக மக்காது. அதன் மேல் சேறு சேரும், மணல் சேரும், எல்லாம் கல்லாக இறுகும். பூமிக்குள் போகப் போகச் சூடு கூடும். அந்தச் சூட்டில் கோடிக்கணக்கான வருடம் வெந்து, அந்த உயிர்களின் உடம்பில் இருந்த கொழுப்பு எண்ணெயாகும், வாயுவாகும். நிலக்கரி வேறு கதை. சதுப்பில் விழுந்து புதைந்த மரமும் செடியும் அப்படி ஆகும். நெய்வேலியில் வெட்டி எடுப்பது அதில் இளசு. காவிரிப் படுகையில் எண்ணெய் எடுக்கிறார்கள் என்றால் அங்கே அடுக்கடுக்காகப் படிந்த பாறை இருக்கிறது. நம் கரிசலுக்கு அடியில் இருப்பது என்ன? ஆழத்துச் சூட்டில் வெந்து உருமாறி இறுகிய பழைய கல். அந்தக் கல் உண்டான காலத்தில் மீனும் இல்லை, மரமும் இல்லை. அதில் எண்ணெய் ஊற வழியே இல்லை.

இருபது நிமிடம் பேசினேன். ஒரு சொல் தப்பில்லை. நல்ல பாடம்தான். பக்கத்து மேசைக்காரர் கூட பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

முழுக்கக் கேட்டுவிட்டு ராமலட்சுமி சொன்னார்: "அதெல்லாம் சரி மேடம். எண்ண எங்க ஊர்ல உண்டாகுதான்னு நான் கேக்கலியே. எங்க கெணத்துல கெடக்கான்னுதான கேக்குதேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. எனக்கு அது காதில் ஏறவில்லை. பாடம் நடத்திய மயக்கத்தில் இருந்தேன்.

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனா நல்லாருக்கும்" என்றார்.

"வாரேன்மா" என்றேன். நானும் எட்டயபுரம் பக்கத்துக்காரிதான், அவர் பேச்சு எனக்கு அந்நியம் இல்லை. போகவில்லை. ஜீப் பழுது, வறட்சிப் பட்டியல் அவசரம், வெயில். இவையெல்லாம் அன்றைக்குக் காரணம் மாதிரித் தெரிந்தன. மாலையில் மூன்று வரியில் அறிக்கை எழுதிப் பஞ்சாயத்துக்கு அனுப்பினேன். இரும்பு நுண்ணுயிரால் உண்டான படலம். இப்பகுதிப் பாறையில் பெட்ரோலியம் உருவாக வாய்ப்பில்லை. தண்ணீரைப் பயன்படுத்தத் தடையில்லை. கீழே கையெழுத்தும் முத்திரையும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த அதிகாரி ஒருவர், கிணற்றுப் படலத்தைப் பார்த்தால் முதலில் ஒரு குச்சியை எடு என்பார். குச்சியால் கீறினால் நுண்ணுயிர்ப் படலம் சில்லுச் சில்லாக உடைந்து தனித்தனியாக நிற்கும். எண்ணெய் என்றால் விலகிப் போய் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு குச்சி போதும், சோதனைச்சாலை வேண்டாம். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் போக எனக்கு உடம்பு வணங்கவில்லை.

மூன்று மாதம் போனது. வைகாசி வெயிலில் ஒரு நாள் காலை, அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கைபேசியைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒரு இளவட்டம் கிணற்றுத் தண்ணீரின் மேலே பருத்திப் பஞ்சைத் தோய்த்து எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்து வைக்கிறான். பஞ்சு குப்பென்று பற்றி நின்று எரிகிறது. பின்னால் கூட்டம் விசில் அடிக்கிறது. "ஏலே, நம்மூர்ல பெட்ரோல்லே!" என்று ஒரு குரல். எந்த ஊர் என்று கீழே எழுதியிருந்தது. ராமலட்சுமியின் ஊர்தான்.

தலைமை அதிகாரி கூப்பிட்டார். "நீதான முதல்ல அறிக்கை கொடுத்த? நீயே போய் முடிச்சுட்டு வந்துரு. மேலிடத்துல கேக்குறாங்க." முடிப்பது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

என் ஸ்கூட்டியிலேயே போனேன். காடெல்லாம் அறுப்பு முடிந்து வெறுமையாகக் கிடந்தது. கரிசல் காய்ந்து கால் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. ஊருக்குள் திருவிழாக் கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பதநீர் விற்கிறவர்கூட வண்டியைக் கொண்டுவந்து கிணற்றடியில் நிறுத்தியிருந்தார். வீட்டுக்கு ஒருவருக்கு அரசாங்க வேலை என்று ஏற்கெனவே பேச்சு ஆரம்பித்திருந்தது.

கிணற்றுப் பக்கம் மோட்டார் அறை. அதன் கதவில் என் அறிக்கை தொங்கியது. லேமினேட் செய்து, மழையில் நனையாமல், நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். என் கையெழுத்தை அவ்வளவு பத்திரமாக யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

"யாரு இத மாட்டுனது?" என்று கேட்டேன்.

"பங்க் அண்ணாச்சி" என்றார்கள்.

பங்க் அண்ணாச்சி என்பவர் அந்த ஊரின் பெரிய மனிதர். பழைய ரோட்டின் மேல் அவருக்கு ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. நாலுவழிச் சாலை வேறு பக்கமாகப் போனதும் வியாபாரம் படுத்து, பங்கை மூடிவிட்டார். கிணற்றுக்கு வடக்கே, சற்று மேட்டில், கூப்பிடு தூரத்தில் அந்த இடம் இருந்தது. பம்புகளைக் கழற்றிவிட்டார்கள், கூரை மட்டும் நின்றது. அதன் நிழலில் அவருடைய இரண்டு லாரிகள் நின்றன.

கூட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ராமலட்சுமி நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை. நான் போனதும் கிணற்றுப் படியைக் காட்டினார். இறங்கினேன். அவரும் பின்னால் வந்தார். தண்ணீர் நன்றாகக் கீழே போயிருந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து, விழுந்து கிடந்த ஒரு பருத்திமார் குச்சியை எடுத்துப் படலத்தைக் கீறினேன்.

விலகியது. விலகிப் போன படலம் மெதுவாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

மறுபடி கீறினேன். மறுபடி ஒட்டியது. வாடை மூக்கில் ஏறியது. பாட்டிலைக் குறை சொன்னேனே, இந்தக் கிணற்றிலும் முன்னால் மண்ணெண்ணெய் வாங்கி வைத்திருந்தார்களா என்ன? அவமானமாக இருந்தது.

"ஊர்ல இன்னும் இதத்தான் குடிக்காவளா?" என்று கேட்டேன்.

"நீங்க குடிக்கலாம்னு எழுதிட்டீங்களே. நான் எங்க வீட்டுக்கு நிறுத்திட்டேன், அடுத்த ஊருக்குப் போயி கொடத்துல கொண்டாரேன். மத்தவிய குடிக்காவ. நாத்தம்னு சொன்னா, அண்ணாச்சி உங்க பேப்பரக் காட்டுதாவ."

"உங்கள என்ன சொல்லுதாவ?"

"வீட்டுக்காரரு குடுத்த கெணத்த, அவரு போனதும் புடுங்கப் பாக்கேனாம். அதுக்குத்தான் எண்ண, நாத்தம்னு பொய் சொல்லுதேனாம். கோயில்ல பொங்கலுக்குக்கூட எங்கிட்ட தண்ணி கேக்கல மேடம். மூணு மாசமா எங்கூட யாரும் பேசுறதில்ல."

பிள்ளைகளே, இதுதான் அந்த மூன்று வரி செய்த வேலை. தண்ணீரைக் கெடுத்தது நான் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணை ஊர் முன்னால் பொய்க்காரி ஆக்கியது நான்தான். அதற்கு அரசாங்க முத்திரையும் வைத்துக் கொடுத்திருந்தேன்.

கிணற்றுச் சுவரைப் பார்த்தேன். மேலே கருப்பு மண், அதன் கீழே சுண்ணாம்பு கட்டிய வெள்ளைச் சுக்கான் அடுக்கு, அதன் கீழே கல். சுக்கானும் கல்லும் சேருகிற இடத்தில், வடக்குச் சுவரில் மட்டும், ஒரு கை நீளத்துக்கு ஈரம் பளபளத்தது. மற்ற மூன்று பக்கமும் காய்ந்து கிடந்தது. ஈரத்தைக் கைக்குட்டையில் ஒற்றி எடுத்தேன். லேசான மஞ்சள் நிறம், தெளிவாக இருந்தது. பூமிக்குள்ளிருந்து ஊறி வருகிற கச்சா எண்ணெய் கருப்பாக, பிசுக்காக இருக்கும். இது ஆலையில் காய்ச்சி வடித்தது. டீசல்.

நான் அந்த அம்மாளுக்கு நடத்திய பாடம் அத்தனையும் சரி. இந்தக் கல்லில் எண்ணெய் உண்டாகாது. உண்டாகாது என்றால் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அந்த ஒரு அடியை நான் மாசி மாதமே எடுத்து வைத்திருக்கலாம். தெரிந்ததைச் சொன்ன சந்தோஷத்தில் பாதியில் நின்றுவிட்டேன்.

மேலே ஏறி வந்தபோது அண்ணாச்சி காத்திருந்தார். வெள்ளை வேட்டி, சிரித்த முகம். பக்கத்தில் இருந்தவரிடம் எனக்குப் பதநீர் வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

"மேடம், முன்னால என்னமோ கிருமின்னு எழுதுனீங்க. பரவால்ல, மனுசங்கதான. இப்பத்தான் ஊருக்கு யோகம் அடிச்சிருக்கே. பெட்ரோல் இருக்கலாம், மேல ஆய்வு செய்யணும்னு ஒரு வரி எழுதுங்க. ஊரே உங்கள கையெடுத்துக் கும்பிடும்."

"அண்ணாச்சி, உங்க பங்க்ல தரைக்கு அடியில இருந்த டேங்க என்ன செஞ்சீங்க?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அது அங்கனதான் கெடக்கு. அதுக்கென்ன?"

"அதுல டீசல் இருக்கா?"

"எங்க லாரிக்குக் கொஞ்சம் ஊத்தி வச்சிருப்போம்."

"மூடியத் தொறந்து அளவுக்கம்பி போட்டுப் பாத்துருவோமா? எவ்வளவு ஊத்துனீங்க, எவ்வளவு கெடக்குன்னு தெரிஞ்சிரும்."

"சாவி வீட்ல இல்ல மேடம்" என்றார். சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த நேரம் தலைமை அதிகாரியின் போன். அவருக்கு அதற்குள் யாரோ பேசியிருந்தார்கள். "மேலாய்வு தேவைன்னு ரெண்டு வார்த்தை போடும்மா. பெட்ரோல்காரங்க கைக்குப் போயிடும், நமக்குத் தலைவலி விட்டுச்சு. உன் பழைய அறிக்கையைப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. நாமளே போய்த் தப்புன்னு சொன்னா ஆபீஸ் மானம் போயிரும். உனக்கு ரிட்டயர்மென்ட் வேற வருது, யோசிச்சுக்கோ."

யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், பயமாகத்தான் இருந்தது. பென்ஷன் நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு கணம் கணக்கு ஓடியது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையின் அர்த்தமும் எனக்குத் தெரியும். மேலாய்வு என்றால் ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் ஊர் எண்ணெய்க் கனவில் இருக்கும், டேங்க் கசிந்துகொண்டிருக்கும், தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ராமலட்சுமி குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்துகொண்டிருப்பார். போனை வைத்துவிட்டு நேராக மோட்டார் அறைக்குப் போனேன். சுவிட்சை அணைத்தேன். கதவிலிருந்த லேமினேஷனைப் பிடித்து இழுத்தேன். மூன்று ஆணி வந்தது, நாலாவது வரவில்லை. மூலையைக் கிழித்து எடுத்தேன்.

கூட்டம் சத்தம் போட்டது. "மேடம், என்ன செய்யுதீங்க?"

மோட்டார் அறைப் படியில் ஏறி நின்றுகொண்டு சொன்னேன். "இது நான் எழுதுன பேப்பர். இது தப்பு. நான் இங்கன வந்து பாக்காமலே எழுதுனேன். ராமலட்சுமியம்மா எங்கிட்ட வந்து எண்ண கெடக்குன்னு சொன்னாவ. அவிய சொன்னது நெசம். நான் சொன்னதுதான் பொய்."

பிறகு ஒருவர் கேட்டார்: "அப்ப எண்ண இருக்குல்லா? பெட்ரோல் ஊர்தான?"

"எண்ண இருக்கு. ஆனா இந்த ஊர்ல ஊறல."

விளக்கினேன். இந்த முறை பாடம் மாதிரி இல்லை, சண்டை மாதிரி. வயதான விவசாயி ஒருவர் விடவில்லை. "நாங்க தலமொற தலமொறயா ஆட்டுக்கெட போடுதோம். புழுக்கையும் சருகும் எம்புட்டு இந்த மண்ணுக்குள்ள போயிருக்கு! மண்ணும் கரி மாதிரிக் கருப்பா இருக்கு. அதெல்லாம் எண்ணயா மாறியிருக்காதா?"

நல்ல கேள்வி. படித்தவர்களே கரிசலின் கருப்பைப் பார்த்துக் கரி என்று நினைக்கிறார்கள். "உங்க மண்ணு எதையும் விட்டு வைக்காதுய்யா. வெடிப்பு விட்டு அம்புட்டுக் காத்தையும் உள்ள இழுக்குது. புழுக்கையத் தின்னு மக்க வச்சு உங்களுக்குச் சோளமாக் குடுத்துருது. எவனும் திங்காம, காத்துப் படாம, கடல் சேத்துல தப்பிச்சுக் கெடந்த உசுருதான் எண்ணையாகும். கருப்பு மண்ணோட கருப்பு வேற, கரியோட கருப்பு வேற" என்றேன். அவர் தலையை ஆட்டினார். முழுதாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன்.

கைக்குட்டையைப் பிரித்து முன்னால் நின்ற லாரி டிரைவர் ஒருவரிடம் நீட்டினேன். "என்னன்னு மோந்து சொல்லுங்க." அவர் முகர்ந்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "டீசலு" என்றார். அவர் அண்ணாச்சியின் லாரி ஓட்டுகிறவர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் கையால் அறிக்கை எழுதினேன். முதல் வரியே இப்படித்தான் ஆரம்பித்தது: மாசி மாதம் நான் கொடுத்த அறிக்கை தவறானது, இடத்தை நேரில் பார்க்காமல் எழுதப்பட்டது. அதன் பிறகு வடக்குச் சுவர், டீசல், பழைய பங்க்கின் டேங்க் என்று எல்லாம். தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, டேங்கை உடனே தோண்டி எடுக்க வேண்டும் என்று முடித்தேன். சத்தமாக வாசித்தேன். மூன்று பிரதி எழுதினேன். ஒன்றைப் பஞ்சாயத்துத் தலைவரிடமும், ஒன்றை ராமலட்சுமியிடமும் கொடுத்தேன். மூன்றாவதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி வண்டி வரைக்கும் வந்தார். "கையால எழுதுனதெல்லாம் செல்லாது மேடம். உங்க ஆபீஸ்லயே ஒத்துக்க மாட்டாவ."

"டைப் அடிச்சதுதான் மூணு மாசம் மோட்டார் ரூம் கதவுல தொங்குச்சே அண்ணாச்சி. அது செல்லிச்சா?" என்றேன். வண்டியைக் கிளப்பினேன். என்னை வழிமறிக்க யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெமோ வந்தது. மேலதிகாரியின் அனுமதியின்றி, அலுவலகத்தின் பெயருக்குக் களங்கம் வரும்படி, பொது இடத்தில் தவறை ஒப்புக்கொண்டது ஏன் என்று கேட்டிருந்தார்கள். தவறு செய்தது ஏன் என்று அந்த மெமோவில் எங்கேயும் கேட்கவில்லை. அதையே பதிலில் எழுதி அனுப்பினேன். விளாத்திகுளம் பக்கத்துக்கு மாற்றினார்கள். போனேன், அங்கேயும் கரிசல்தானே. ஆண்டு உயர்வு ஒன்று நின்றது. பென்ஷன் நிற்கவில்லை. பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

டேங்கைத் தோண்ட ஐந்து மாதம் ஆனது. ராமலட்சுமி விடவில்லை. என் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு எத்தனை அலுவலகம் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. இந்தத் தடவை அவரோடு ஊர்ப் பெண்களும் போனார்கள். டேங்கை வெளியே எடுத்தபோது அடித்தகட்டில் துரு தின்ற ஓட்டை ஒன்று, கட்டை விரல் நுழையும் அளவுக்கு. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். ஊருக்கு வேறு பக்கமிருந்து குழாய் வந்தது. கிணறு மட்டும் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. கல்லுக்குள் இறங்கின எண்ணெய் எளிதில் போகாது. எப்போது போகும் என்று என்னைக் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

ஓய்வு பெற்ற மறு வாரம் அந்த ஊருக்குப் போனேன். வேலையாக இல்லை, சும்மாதான். ராமலட்சுமி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார். குடித்து முடித்ததும், "மேடம், அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு கடல் கத சொன்னீங்களே, அத இப்பச் சொல்லுங்க. அன்னைக்குக் கேக்க மனசு இல்ல" என்றார்.

சொன்னேன். அவசரமில்லாமல், முதலிலிருந்து. கடலில் மிதந்த சின்ன உயிர்கள், அவை குடித்த வெயில், அடிச்சேறு, அதன் மேல் ஏறிய பாரம், உள்ளே இருந்த சூடு, மனுசன் என்று ஒருவன் இல்லாத காலம் எல்லாம் சொன்னேன். மிளகாயைக் கிளறிக்கொண்டே கேட்டார். நடுவில் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் சரியான கேள்வி.

முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு மூடிய கிணறு இருந்த பக்கம் பார்த்தார்.

"எம்புட்டு காலம் மேடம்! எவன் கண்ணுலயும் படாம, எவனும் திங்காம, பூமிக்கு அடியில தப்பிச்சுக் கெடந்திருக்கு. அதத் தோண்டி எடுத்து, காய்ச்சி, லாரில கொண்டாந்து, கடைசில எங் கெணத்துலயா விடணும்?"

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாயைக் கிளறினேன்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த ஊரின் கோப்பு உங்கள் அலுவலகத்தில், ஜன்னல் ஓரத்துப் பீரோவில் இன்னும் இருக்கிறது. அதில் என்னுடைய இரண்டு அறிக்கையும் ஒரே கயிற்றில் கோத்திருக்கும். முதல் அறிக்கைக்கு ஒரு மூலை இருக்காது. அதைக் கதவிலிருந்து கிழித்து வந்து கோப்பில் சேர்த்தவள் நான்தான். நான் மாற்றலாகிப் போகும்போது, பழையதை உருவிப் போட்டுவிடட்டுமா, உங்களுக்குத்தானே கெட்ட பெயர் என்று ஒருவர் அன்போடு கேட்டார். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். உங்களிடமும் யாராவது வந்து கேட்பார்கள். உருவாதீர்கள். அடுத்த தடவை யாராவது மண்ணெண்ணெய் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தால், முதலில் அந்தக் கோப்பைத் திறந்து மூலை கிழிந்த தாளைப் பாருங்கள். பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.